இரும்புச் சட்டமும் கிரிக்கெட் மட்டையும்

விடுமுறை நாளில் நீங்கள் கிரிக்கெட் ஆடும்போது முதல் சண்டை எப்போது தொடங்குகிறது? பெரும்பாலும் முதல் பந்தை வீசுவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது அல்லவா? ஸ்டம்பு நட்ட இடத்திலிருந்து ஒருவன் எட்டு வைத்து இருபத்திரண்டு எண்ணி, மறுமுனையில் கோடு கிழிக்கிறான். உயரமானவன் எண்ணினால் பிட்ச் நீள்கிறது. குள்ளமானவன் எண்ணினால் சுருங்குகிறது. "நீ வேண்டுமென்றே எட்டைக் குறைத்துவிட்டாய்" என்று மட்டை பிடிக்கப் போகிறவன் கூச்சலிடுகிறான்.

அவன் கூச்சலில் நியாயம் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். பிட்ச்சின் முறையான நீளம் 22 கஜம், அதாவது 20.12 மீட்டர். எட்டு ஒன்றுக்கு 60 சென்டிமீட்டர் வைக்கும் சிறுவன் இருபத்திரண்டு எட்டு வைத்தால் 13.2 மீட்டர்தான் வரும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பந்து வருகிறது என்று கொள்வோம். இது விநாடிக்குச் சுமார் 22 மீட்டர். காற்றின் தடையையும் தரையில் பட்டபின் குறையும் வேகத்தையும் இப்போதைக்கு விட்டுவிடுவோம். முறையான பிட்ச்சைக் கடக்க அந்தப் பந்துக்கு 0.9 விநாடி ஆகும். சிறுவன் அளந்த பிட்ச்சைக் கடக்க 0.6 விநாடி போதும். பந்தைக் கண்டு, முடிவு செய்து, மட்டையை வீசுவதற்குக் கிடைக்கும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு பறிபோய்விட்டது!

ஆகவே அளவு என்பது ஆட்டத்துக்கு வெளியே இருக்கும் செய்தி அன்று. ஆட்டம் நியாயமாக நடப்பதே அளவால்தான். இந்த உண்மையை இங்கிலாந்து நாட்டுக் கிராமத்துக் கிரிக்கெட்டைப் போல் தெளிவாகக் காட்டுவது வேறொன்றில்லை. அந்நாட்டுக் கிராமத்து மன்றம் ஒன்றின் ஓர் ஆட்டக்காலத்தை, ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, கையில் அளவுகோலுடன் நாமும் சுற்றிப் பார்ப்போமா?

சூரியன் வகுத்த ஆட்டக்காலம்

இங்கிலாந்தின் தென்பகுதியில், ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில், ஹாம்பிள்டன் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அதற்குச் சற்றுத் தொலைவில் பிராட்ஹாஃப்பென்னி டவுன் என்னும் மேட்டுநிலப் புல்வெளி. அதன் எதிரே "பேட் அண்டு பால்", அதாவது மட்டையும் பந்தும் என்ற பெயருடைய ஒரு விடுதி. 1760, 1770களில் இங்கு ஒரு மன்றம் இயங்கியது. பிரபுக்களும் நிலக்கிழார்களும் கூடி உண்டு, குடித்து, பேசி மகிழ்வதற்காக ஏற்பட்ட மன்றம் அது. ஆனால் அந்த மன்றத்தின் பெயரால் களத்தில் இறங்கியவர்களில் விடுதிக்காரர், செருப்புத் தைப்பவர், குடியானவர் ஆகியோரும் இருந்தனர். ஆட்டத்துக்காக அவர்களுக்குக் கூலியும் கொடுக்கப்பட்டது. இந்தச் சிற்றூர் அணி, 1777ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், நாடெங்கிலுமிருந்து திரட்டிய இங்கிலாந்து அணியையே ஓர் இன்னிங்ஸும் 168 ஓட்டங்களும் வித்தியாசத்தில் வென்றது என்றால் அதன் பெருமையை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அந்தப் பழைய திடலில் இன்றும் கிராமத்துக் கிரிக்கெட் ஆடப்படுகிறது. ஆனால் இன்றைய கிராம மன்றங்களில் கூலி கிடையாது. ஆடுகிறவர்களே ஆண்டுச் சந்தா கட்டி, ஆட்டத்துக்கு ஆட்டம் கட்டணமும் கொடுத்து ஆடுகிறார்கள். ஆசிரியர், தச்சர், கடைக்காரர், மாணவர் எனப் பலதரப்பட்டோர் ஒரே அணியில் இருப்பார்கள். புல் வெட்டுவதும், கோடு போடுவதும், இடைவேளைத் தேநீருக்கு ரொட்டி தயாரிப்பதும் உறுப்பினர்களின் வேலையே. 1972 முதல் கிராம அணிகளுக்கென்றே நாடு தழுவிய கோப்பைப் போட்டி ஒன்றும் நடக்கிறது. முதல் இரண்டு ஆண்டுகளிலும் கார்ன்வால் பகுதியைச் சேர்ந்த டிரூன் என்னும் கிராமமே கோப்பையை வென்றது.

நம் ஊரில் கிரிக்கெட்டுக்குக் காலம் நேரம் இல்லை. அங்கே ஏன் ஏப்ரல் கடைசியில் தொடங்கிச் செப்டம்பரில் முடித்துவிடுகிறார்கள்? விடை வானத்தில் இருக்கிறது. பூமியின் அச்சு சுமார் 23.5 பாகை சாய்ந்திருப்பதால், நிலநடுக்கோட்டிலிருந்து விலகிச் செல்லச் செல்லக் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் உள்ள வித்தியாசம் கூடுகிறது. சென்னை 13 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகல் ஏறக்குறைய 12 மணி 50 நிமிடம். ஹாம்பிள்டன் 51 பாகைக்கு அருகில் இருக்கிறது. அங்கே ஜூன் மாதப் பகல் ஏறக்குறைய 16½ மணி நேரம்! இரவு ஒன்பது மணிக்குப் பிறகுதான் சூரியன் மறையும். வேலை முடிந்து மாலை ஆறு மணிக்கு ஆடத் தொடங்கினால்கூட, அணிக்கு 20 ஓவர் வீதம் ஆடி முடித்துவிடலாம். டிசம்பரிலோ பகல் எட்டு மணி நேரத்துக்குள் ஒடுங்கிவிடுகிறது. மழையும் குளிரும் வேறு.

ஏப்ரல்: சங்கிலியும் உருளையும்

ஆட்டக்காலத்தின் முதல் வேலை பிட்ச்சை அளப்பது. அது ஏன் சரியாக 22 கஜம்? இருபது, இருபத்தைந்து என்று முழு எண்ணாக வைத்திருக்கலாமே!

1620ஆம் ஆண்டளவில் எட்மண்ட் குண்டர் என்ற ஆங்கிலக் கணித அறிஞர், நிலம் அளப்பதற்காக ஒரு சங்கிலியை வகுத்தார். அதில் 100 கண்ணிகள். மொத்த நீளம் 66 அடி, அதாவது 22 கஜம். நீளமும் அகலமும் ஒவ்வொரு சங்கிலி உள்ள சதுரத்தைப் போல் பத்து மடங்கு கொண்டது ஓர் ஏக்கர். ஆகவே பரப்பைக் கணக்கிடுவது மிக எளிதாயிற்று. கிரிக்கெட் பிட்ச்சின் நீளம் மிகச் சரியாக இந்த ஒரு சங்கிலிதான். 1744ஆம் ஆண்டு விதிகளிலேயே 22 கஜம் என்ற அளவு இடம்பெற்றுவிட்டது.

இந்தச் சங்கிலி நமக்கும் அந்நியம் அன்று. உங்கள் வீட்டில் நிலத்தைப் பற்றிப் பேசும்போது "ஐந்து சென்ட்", "பத்து சென்ட்" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஓர் ஏக்கரில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட். ஏக்கர் என்பது பத்துச் சதுரச் சங்கிலி. அப்படியானால் கிரிக்கெட் பிட்ச்சின் நீளத்தையே நான்கு பக்கமாக வைத்து ஒரு சதுரம் வரைந்தால் அதன் பரப்பு என்ன? மிகச் சரியாகப் பத்து சென்ட்! உங்கள் ஊர் வயலின் அளவும் லார்ட்ஸ் மைதானத்துப் பிட்ச்சின் அளவும் ஒரே சங்கிலியில் பிறந்தவை.

அடுத்த வேலை உருளை இழுப்பது. பிட்ச்சுக்குரிய மண் களிமண் மிகுந்தது. குளிர்கால மழையில் ஊறி, உறைபனியில் விரிந்து, அது பொதுபொதுவென்று இருக்கும். மண் துகள்களுக்கு இடையே காற்று புகுந்திருக்கும். மண் சப்பாத்தி மாவுப் பதத்தில் இருக்கும்போது கனமான உருளையை மெதுவாக, பலமுறை இழுத்தால், காற்று வெளியேறித் துகள்கள் நெருங்குகின்றன. மண் சேறாக இருந்தாலும் பயனில்லை. காய்ந்து கல்லாகிவிட்டாலும் பயனில்லை. அந்தப் பதம் வரும் சில நாள்களுக்காக மன்றத்தார் காத்திருப்பார்கள்.

மே முதல் ஜூலை வரை: ஒரே பந்து, வேறு வேறு துள்ளல்

மே மாதத்தில் ஆடும்போது பந்து முழங்கால் உயரத்துக்குக்கூட எழாமல் சோம்பலாக வருகிறது. ஜூலை மாதத்தில் அதே பிட்ச்சில், அதே பந்து வீச்சாளர் வீசும் பந்து இடுப்புக்கு மேல் எகிறுகிறது. என்ன மாயம் இது?

மாயம் எதுவும் இல்லை, நீர்தான் காரணம். ஈரமான களிமண் எளிதில் குழியும் தன்மையுடையது. பந்து விழும்போது அதன் இயக்க ஆற்றலில் பெரும்பகுதி மண்ணைக் குழிப்பதில் செலவாகிறது. குழிந்த மண் மீண்டும் எழும்பிப் பந்தைத் தள்ளுவதில்லை. ஆகவே செலவான ஆற்றல் திரும்பி வருவதில்லை. அது வெப்பமாக மாறிவிடுகிறது. கோடை வெயிலில் நீர் ஆவியாகி மண் இறுகியதும், பந்து மண்ணைக் குழிக்க முடிவதில்லை. பந்தேதான் சற்று நசுங்கி மீள்கிறது. மீளும்போது ஆற்றலில் ஒரு பங்கைத் திருப்பித் தருகிறது.

இதையும் அளக்கலாம். பிட்ச் பராமரிப்பாளர்கள் கையாளும் ஒரு சோதனை உண்டு. 16 அடி உயரத்திலிருந்து ஒரு கிரிக்கெட் பந்தைப் பிட்ச்சில் விழவிட்டு, அது எவ்வளவு உயரம் எழுகிறது என்று பார்ப்பார்கள். 15 அங்குலம்கூட எழாவிட்டால் அது மந்தமான பிட்ச். 30 அங்குலத்துக்கு மேல் எழுந்தால் மிக வேகமான பிட்ச்.

16 அடி என்பது 192 அங்குலம். உயரத்துக்கேற்ப நிலை ஆற்றல் அமைவதால், மந்தமான பிட்ச்சில் திரும்பும் ஆற்றல் 192இல் 15 பங்கு. அதாவது நூற்றுக்கு 8 பங்கு. வேகமான பிட்ச்சில் 192இல் 30 பங்கு. நூற்றுக்கு 16 பங்கு. பந்து மோதும் வேகத்துக்கும் திரும்பும் வேகத்துக்கும் உள்ள தகவை மீட்சிக் குணகம் என்பர். உயரங்களின் தகவுக்கு வர்க்கமூலம் கண்டால் அது கிடைக்கும். மந்தமான பிட்ச்சுக்கு 0.28, வேகமான பிட்ச்சுக்கு 0.40. பார்த்தீர்களா! மிக நல்ல பிட்ச்சிலும்கூட ஆற்றலில் ஆறில் ஐந்து பங்குக்கு மேல் இழப்புதான்.

"பந்து தரையில் பட்டதும் வேகம் கூடுகிறது" என்று ஆட்டக்காரர்கள் சொல்வதுண்டு. கூடுவதற்கு ஆற்றல் எங்கிருந்து வரும்? சாதாரணமாக வரும் பந்து, தரையில் பட்டபின் தான் வந்த வேகத்தைவிடக் குறைந்த வேகத்தில்தான் செல்லும். மற்றப் பிட்ச்சுகளில் குறைவதைவிட ஒரு பிட்ச்சில் வேகம் கொஞ்சமாகவே குறைந்தால், மட்டையாளருக்கு அது கூடியதுபோல் தோன்றுகிறது. கண் சொல்வதை அப்படியே நம்பக்கூடாது என்பதற்கு இது ஒரு சான்று.

கண்ணை நம்பக்கூடாது என்றேன் அல்லவா? அதை நன்கு உணர்த்தும் நிகழ்ச்சி ஒன்று ஹாம்பிள்டன் மன்றத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது.

அகன்ற மட்டை

1771ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள், லேல்ஹாம் பர்வே என்ற திடலில் ஹாம்பிள்டன் அணிக்கும் செர்ட்ஸி அணிக்கும் ஆட்டம் நடந்தது. செர்ட்ஸி அணிக்காக ஆடிய தாமஸ் ஒயிட் ஒரு மட்டையுடன் வந்து நின்றார். அந்த மட்டையின் அகலமோ விக்கெட்டின் அகலத்துக்கு ஈடாக இருந்தது! மட்டையை நேராக நிறுத்தி வைத்தாலே போதும். பந்து விக்கெட்டில் பட வழியே இல்லை. மட்டை இவ்வளவுதான் அகலம் இருக்கலாம் என்று அன்று விதி எதுவும் கிடையாது. ஆகவே ஒயிட் எந்த விதியையும் மீறவில்லை. ஆனால் அதை ஆட்டம் என்று சொல்ல முடியுமா?

அந்த ஆட்டத்தில் ஹாம்பிள்டன் ஓர் ஓட்ட வித்தியாசத்தில் வென்றது. வென்றவர்கள் "நாம்தான் ஜெயித்துவிட்டோமே" என்று சும்மா இருந்திருக்கலாம். அவர்கள் அப்படி இருக்கவில்லை. இரண்டே நாள்களில், செப்டம்பர் 25ஆம் நாள், மட்டையின் அகலம் நாலே கால் அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது என்று எழுதிக் கையொப்பமிட்டார்கள். கையொப்பமிட்டவர்கள் மூவர். ஒருவர் அணித்தலைவரும் விடுதிக்காரருமான ரிச்சர்ட் நைரன். இன்னொருவர் வேகப் பந்து வீச்சாளர் தாமஸ் பிரெட். மூன்றாமவர் ஜான் ஸ்மால். செருப்புத் தைக்கும் தொழிலில் தொடங்கி, மட்டையும் பந்தும் செய்து விற்பவரானவர். பந்து வீசுகிறவர் இப்படி ஒரு விதியைக் கேட்பதில் வியப்பில்லை. மட்டை செய்கிறவரும், மட்டை பிடிப்பதில் வல்லவருமான ஸ்மாலும் அதில் கையொப்பமிட்டார் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

எழுதி வைத்தால் மட்டும் போதுமா? ஒரு மட்டை நாலே கால் அங்குலமா, நாலரை அங்குலமா என்று தூரத்திலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது? நமது கண் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குக் கோணத்தைத்தான் பிரித்தறிய வல்லது. பிட்ச்சின் ஒரு முனையில் நிற்கும் நடுவருக்கு, மறுமுனையில் அந்தக் கோணம் ஏறக்குறைய 6 மில்லிமீட்டரைக் குறிக்கும். கால் அங்குலம் என்பதும் 6 மில்லிமீட்டர்தான். ஆகவே கால் அங்குல ஏமாற்றைக் கண் பிடிக்காது.

ஹாம்பிள்டன் மன்றத்தார் இதற்கு ஓர் எளிய வழி கண்டார்கள். விதித்த அகலத்துக்கு இரும்பில் ஒரு சட்டம் செய்து வைத்துக்கொண்டார்கள். மட்டை அதனுள் நுழைந்தால் சரி, நுழையாவிட்டால் தவறு. வாக்குவாதத்துக்கு இடமே இல்லை. சட்டம் என்ற ஒரே சொல் தமிழில் விதியையும் குறிக்கிறது. மரத்தாலோ இரும்பாலோ செய்த வடிவத்தையும் குறிக்கிறது. ஹாம்பிள்டனில் அவை இரண்டும் உண்மையிலேயே ஒன்றாகிவிட்டன!

இன்று தொழிற்சாலைகளில் இதே முறை வழக்கத்தில் இருக்கிறது. ஓர் அச்சாணி சரியான பருமனில் கடையப்பட்டிருக்கிறதா என்று அறிய, ஒவ்வொன்றையும் அளவுகோலால் அளந்துகொண்டிருப்பதில்லை. ஒரு வளையத்தினுள் நுழைய வேண்டும். அதைவிடச் சிறிய இன்னொரு வளையத்தினுள் நுழையக்கூடாது. அவ்வளவுதான். கிரிக்கெட்டில் நாலே கால் அங்குலம், அதாவது 10.8 சென்டிமீட்டர், என்ற அந்த எல்லை 250 ஆண்டுகளுக்குப் பின்னும் மாறவில்லை. 2017ஆம் ஆண்டு விதிகளில் மட்டையின் பருமன் 67 மில்லிமீட்டருக்கும், விளிம்பின் தடிமன் 40 மில்லிமீட்டருக்கும் மிகாமல் இருக்க வேண்டும் என்று சேர்த்தார்கள். அதைச் சோதிப்பதற்கும் ஓர் அளவுச் சட்டத்தையே வகுத்தார்கள்.

நடு ஸ்டம்பு பிறந்த கதை

நான்கு ஆண்டுகள் கழிந்தன. 1775ஆம் ஆண்டு மே 22ஆம் நாள், லண்டனில் ஆர்ட்டிலரி மைதானத்தில் அணிக்கு ஐவர் ஆடும் ஆட்டம். ஹாம்பிள்டன் அணியின் கடைசி மட்டையாளராக நின்றவர் நாம் மேலே கண்ட ஜான் ஸ்மால். வெற்றிக்கு 14 ஓட்டங்கள் வேண்டும். கென்ட் அணிக்குப் பந்து வீசியவர், லம்பி என்று அழைக்கப்பட்ட எட்வர்ட் ஸ்டீவன்ஸ். தொழிலால் அவர் ஒரு தோட்டக்காரர். குறி தவறாமல் வீசுவதில் அக்காலத்தில் அவருக்கு இணை இல்லை.

அன்று விக்கெட்டுக்கு இரண்டே ஸ்டம்புகள். மேலே ஒரு பெயில். லம்பி வீசிய பந்து ஸ்மாலின் மட்டையைக் கடந்து, இரண்டு ஸ்டம்புகளுக்கு நடுவே நேராகப் புகுந்து மறுபக்கம் போய்விட்டது. பெயில் விழவில்லை, ஆகவே ஆட்டமிழப்பும் இல்லை. ஒருமுறை அல்ல, மூன்று முறை இப்படி நடந்தது! ஸ்மால் தப்பினார், ஓட்டங்களை எடுத்தார், ஹாம்பிள்டன் வென்றது.

மிகச் சிறப்பாக வீசிய பந்துக்குப் பயன் இல்லை. சற்றுக் குறி தவறியிருந்தால் விக்கெட் கிடைத்திருக்கும். இது அநீதி என்று எல்லோருக்கும் தெரிந்தது. விளைவாக நடுவில் மூன்றாவது ஸ்டம்பு வந்து சேர்ந்தது. இதற்குப் பின் அந்த இடைவெளியில் தப்பிக்கும் வாய்ப்பு எவருக்கும் இல்லாமல் போயிற்று, ஸ்மாலுக்கும்தான்.

இது முழுக்க முழுக்கக் கணக்கு. 1774ஆம் ஆண்டு விதிப்படி பெயிலின் நீளம் 6 அங்குலம், அதாவது 15.2 சென்டிமீட்டர். இன்றைய ஸ்டம்பின் அதிகத் தடிமனான 3.8 சென்டிமீட்டரையும், இன்றைய பந்தையும் எடுத்துக்கொண்டு பார்ப்போம். இரு ஸ்டம்புகளும் சேர்ந்து 7.6 சென்டிமீட்டர் போக, மீதி இடைவெளி 7.6 சென்டிமீட்டர். பந்தின் சுற்றளவு 22.4 முதல் 22.9 சென்டிமீட்டர் வரை. பையால் வகுத்தால் விட்டம் 7.1 முதல் 7.3 சென்டிமீட்டர் வரை. ஆகவே பந்து எதிலும் படாமல் நுழைந்துவிடும். ஸ்டம்பு மெலிந்திருந்தால் இன்னும் எளிதாக நுழையும்.

இன்று விக்கெட்டின் மொத்த அகலம் 22.86 சென்டிமீட்டர், ஸ்டம்புகள் மூன்று. அவை சேர்ந்து 11.4 சென்டிமீட்டர். மீதியை இரண்டு இடைவெளிகளாகப் பங்கிட்டால் ஒவ்வொன்றும் 5.7 சென்டிமீட்டர்தான். பந்து நுழைய வழியே இல்லை. அளவு சரியாக அமைந்தால், நல்ல பந்துக்குரிய பலனை எவரும் தட்டிப் பறிக்க முடியாது.

இவ்வளவு என்று சொல்லாமல், இதற்குள் என்று சொல்வது

மன்றத்தின் அலமாரியிலிருந்து ஒரு புதிய பந்தை எடுங்கள். அதன் எடை என்ன? விதி ஒரே எண்ணைச் சொல்லவில்லை. ஐந்தரை அவுன்சுக்குக் குறையாமலும், ஐந்தே முக்கால் அவுன்சுக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும் என்கிறது, அதாவது 155.9 கிராம் முதல் 163 கிராம் வரை. 1774இல் எழுதிய இந்த எல்லைகளும் இன்றுவரை மாறவில்லை.

ஏன் இரண்டு எல்லைகள்? தக்கையும் நூலும் தோலும் சேர்த்துக் கையால் தைக்கும் பந்தில், எந்த இரண்டு பந்தும் முற்றிலும் ஒன்றாக அமையாது. எடை சரியாக 159 கிராம்தான் இருக்க வேண்டும் என்று விதித்தால், உலகில் ஒரு பந்தும் தேறாது. எனவே எவ்வளவு வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று முன்னதாகவே ஒப்புக்கொள்கிறோம். இதற்குப் பொறுதி என்று பெயர். அறிவியலில் எந்த அளவும் துல்லியத்தின் எல்லையோடு சேர்ந்தே வருகிறது. ஆய்வுக்கூடத்தில் நீங்கள் "9.8" என்று எழுதும்போது, அந்த 8ஐ எவ்வளவு நம்பலாம் என்பதையும் சொன்னால்தான் அளவீடு முழுமை பெறும்.

அளவுகோல் எட்டாத இடம்

இதுவரை சங்கிலி, சட்டம், தராசு ஆகியவற்றால் தீரும் வழக்குகளைப் பார்த்தோம். ஆனால் ஆகஸ்ட் மாதத்து மாலை ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஆட்டம் முடிய இரண்டு ஓவர்களே இருக்கின்றன. பந்து மட்டையாளரின் காலில் படுகிறது. எதிரணியினர் கைதூக்கிக் கத்துகிறார்கள். கால் குறுக்கே இல்லாதிருந்தால் அந்தப் பந்து ஸ்டம்பில் பட்டிருக்குமா? நடக்காத ஒன்றைப் பற்றிய கேள்வி இது. எந்த இரும்புச் சட்டமும் இதற்கு விடை சொல்லாது.

கிராமத்து நட்புமுறை ஆட்டங்களில் தனி நடுவர் பெரும்பாலும் இருப்பதில்லை. மட்டை பிடிக்கும் அணியில் தன் முறைக்காகக் காத்திருப்பவர்களே மாறி மாறி நடுவராக நிற்பார்கள். ஆகவே விரலை உயர்த்த வேண்டியவர் மட்டையாளரின் நண்பர். அவர் அணியைச் சேர்ந்தவரே! உயர்த்தினால் தன் அணி தோற்கலாம். உயர்த்தாவிட்டால் தன் மனம் உறுத்தலாம். ஐயம் இருந்தால் அதன் பயன் மட்டையாளருக்கே என்பது பழைய மரபு; அதுவும் ஒருவகைப் பொறுதிதான். ஐயம் இல்லை என்றால் விரல் உயர்ந்தே ஆக வேண்டும். அளவுகோல் முடியும் இடத்தில் நேர்மை தொடங்குகிறது.

அந்த நேர்மைக்குத் துணையாக எல்லைக்கோட்டுக்கு அப்பால் இருவர் உட்கார்ந்திருக்கிறார்கள். அணிக்கு ஒருவராக இரண்டு கணக்கெழுத்தர்கள். ஒவ்வோர் ஓட்டமும் மட்டையாளரின் பெயரில் ஒருமுறை, பந்து வீச்சாளரின் பெயரில் ஒருமுறை, மொத்தத்தில் ஒருமுறை எழுதப்படுகிறது. மட்டையாளர்களின் கூட்டுத்தொகையோடு உதிரிகளைச் சேர்த்தால் மொத்தம் வர வேண்டும். பந்து வீச்சாளர்கள் கொடுத்த ஓட்டங்களோடு அவர்கள் கணக்கில் சேராத உதிரிகளைச் சேர்த்தாலும் அதே மொத்தம் வர வேண்டும். வராவிட்டால் எங்கோ பிழை. இருவரும் அவ்வப்போது ஒப்பிட்டுப் பார்த்துத் திருத்திக்கொள்கிறார்கள். ஒரே அளவை இரண்டு வழிகளில் கண்டு ஒப்பிடுவது விஞ்ஞானியின் முறையும் ஆகும்.

செப்டம்பர் வந்துவிட்டது. பகல் சுருங்கி, மாலையில் பனி இறங்குகிறது. கடைசி ஆட்டம் முடிந்து, ஸ்டம்புகளைப் பிடுங்கி, சங்கிலியையும் உருளையையும் கொட்டகையில் வைத்துப் பூட்டுகிறார்கள். ஐந்து மாதங்கள் ஒருவரையொருவர் எதிர்த்து ஆடிய இரண்டு ஊர்க்காரர்கள் ஒரே மேசையில் அமர்ந்து உண்கிறார்கள். அது எப்படி முடிகிறது? தோற்றவருக்கும், "சரியான அளவில்தான் தோற்றோம்" என்ற நிறைவு இருப்பதால்தான். ஹாம்பிள்டன் மன்றத்தின் புகழ் 1787க்குப் பிறகு மங்கியது. பிரபுக்கள் அந்த ஆண்டில் லண்டனில் தோன்றிய மேரிலிபோன் கிரிக்கெட் மன்றத்தை நாடிப் போய்விட்டனர். ஆனால் மூன்று கிராமத்தார் கையொப்பமிட்ட அந்த நாலே கால் அங்குலம் இன்றும் உலகெங்கும் ஆள்கிறது.

நீங்களே செய்து பாருங்கள்

1. ஒரு தடித்த அட்டையில் 10.8 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு பிளவு வெட்டுங்கள். உங்கள் குழுவில் உள்ள எல்லா மட்டைகளையும் அதனுள் செலுத்திப் பாருங்கள். அட்டைக்குப் பதில் மரத்திலோ தகரத்திலோ செய்தால் ஏன் நல்லது என்று யோசியுங்கள்.

2. நண்பர்கள் ஐவரை இருபத்திரண்டு எட்டு வைக்கச் சொல்லி, ஒவ்வொருவர் தூரத்தையும் நாடாவால் அளந்து அட்டவணை இடுங்கள். மிகப் பெரிய அளவுக்கும் மிகச் சிறிய அளவுக்கும் உள்ள வித்தியாசம் என்ன?

3. ஒரு டென்னிஸ் பந்தை 2 மீட்டர் உயரத்திலிருந்து, முதலில் சிமெண்டுத் தரையிலும், பிறகு காய்ந்த மண்ணிலும், கடைசியாக நீர் தெளித்த மண்ணிலும் விழவிடுங்கள். கையால் தள்ளாமல் வெறுமனே விட வேண்டும். சுவரில் அளவுக் கோடுகள் வரைந்து, பந்து எழும் உயரத்தை நண்பரைக் குறிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றையும் ஐந்து முறை செய்து சராசரி காணுங்கள். மீட்சிக் குணகத்தைக் கணக்கிடுங்கள். புதிய பந்தானால் சிமெண்டுத் தரையில் ஏறக்குறைய 0.75 வர வேண்டும். ஈர மண்ணில் உங்களுக்கு என்ன வருகிறது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆடப் போகும்போது மட்டை, பந்துடன் ஓர் அளவு நாடாவையும் எடுத்துச் செல்லுங்கள். எட்டு வைத்து எண்ணுவதை விட்டு, 20 மீட்டர் 12 சென்டிமீட்டர் அளந்து கோடு கிழியுங்கள். அந்தக் கோட்டுக்கு நெட்டையனும் குள்ளனும் ஒன்றுதான். மட்டையின் சொந்தக்காரனும் இரவல் மட்டைக்காரனும் ஒன்றுதான்.